ஆறு மணிக்கு எதற்குக் குடை?

பாளையங்கோட்டையில் எங்கள் பகுதி மூத்த குடிமக்கள் சங்கத்து அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். ஆறு வருஷமாக உங்கள் சங்கத்துக் கணக்கை எழுதிக்கொண்டிருப்பவள் எழுதுகிறேன். சங்கத்தின் பெயரை இதில் போடவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை. நேரில் சொல்லாமல் ஊரறிய ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். நேரில் சொல்லிப் பார்த்தேன். போன மாதக் கமிட்டிக் கூட்டத்தில் என் மனு ஏழாவது பொருள். ஆறாவது முடியும்போதே காபி வந்துவிட்டது.

காபிக்கு அப்புறம் அதைப் பற்றிப் பேசியது மொத்தம் நாலு நிமிஷம் இருக்கும். வாசலில் உள்ள மூன்று படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளமும் கைப்பிடிக் கம்பியும் வைக்கவேண்டும் என்பதுதான் மனு. பணமில்லை என்றார் ஒருவர். கணக்கு எழுதுகிறவளிடமே அதைச் சொன்னதால் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "வாசல்ல அதை வச்சா பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி ஆயிரும்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சொன்னதுதான் என்னை எழுத வைத்தது. "ஏ தாயி, இது மூத்த குடிமக்கள் சங்கம். மாற்றுத்திறனாளி சங்கம் இல்லலா?" கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, பாசமாகத்தான் சொன்னார். அத்தனை பேரும் தலையாட்டினீர்கள். எட்டாவது பொருள், குற்றாலம் டூர்.

அன்றைக்குத் தலையாட்டியவர்களில் ஒரு அண்ணாச்சி, சாயந்திரம் ஆறு மணிக்குக் குடையோடு வருகிறவர். சித்திரை மாதத்திலும் குடையோடுதான் வருவார். வெயில் தாழ்ந்த பிறகு பாளையங்கோட்டையில் குடைக்கு என்ன வேலை என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. நம் பக்கம் மழை என்று ஒன்று வந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வரும். வளைந்த பிடி வைத்த, கனமான பழைய கம்பிக்குடை அது. ஒரு நாள் என் மேசையோரம் அதைச் சாய்த்து வைத்துவிட்டுச் சந்தா ரசீது கேட்டார். குடை வழுக்கிக் கீழே விழுந்தது. எனக்குக் குனிய வராது. தாங்குகட்டையின் முனையால் தள்ளித் தள்ளி என் பக்கம் கொண்டுவந்தேன். அப்போதுதான் பார்த்தேன், குடையின் நுனியில் கறுப்பு ரப்பர் புஷ் மாட்டியிருந்தது.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிப் பக்கம் என் கட்டைக்கு நான் வாங்கி மாற்றுகிற அதே புஷ். குடைக்கம்பி மெலிசு என்பதால், அது நிற்பதற்காக உள்ளே பழைய வேட்டித் துணியைச் சுற்றி இறுக்கியிருந்தார். ஒரு ஓரம் மட்டும் நன்றாகத் தேய்ந்திருந்தது. புஷ் தேய்ந்த விதத்தைப் பார்த்தால் ஆள் எப்படிப் பாரம் கொடுக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும், அரை நூற்றாண்டுப் பழக்கம். அண்ணாச்சிக்கு வலது முட்டி. குடையையும் வலது கையில்தான் பிடிப்பார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். "மழை வரும்போல இருக்கு" என்றார். வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது.

(யார் அந்த அண்ணாச்சி என்று தேடாதீர்கள். குடையோடு வருகிறவர்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள்.)

அதற்கப்புறம் எனக்குக் கண் வேறு மாதிரித் திறந்துகொண்டது. கை நடுக்கம் தெரியக்கூடாது என்று, சர்க்கரையைக் காரணம் சொல்லி, எப்போதும் அரை டம்ளர் காபி மட்டும் ஊற்றச் சொல்கிறவர். படியேறும்போது பேரனுக்குத் துணையாகப் பிடிப்பதுபோல அவன் தோளில் முழுப் பாரத்தையும் கொடுக்கிற ஆச்சி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், எல்லோரும் சிரித்து ஒரு கணம் கழித்துத்தான் சிரிப்பார். அவருடைய காதுக் கருவி சட்டைப் பையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. மகன் துபாயிலிருந்து வாங்கி வந்தது. கண்ணாடியை முகத்தில் மாட்ட யாருக்கும் வெட்கமில்லை. காதுக்குள் வைக்கிற பொருள் மட்டும் பைக்குள் போய்விடுகிறது. 1890-களிலிருந்து பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் நடக்கிற ஊர் இது. பஸ் ஸ்டாப்பில் கையாலேயே சண்டை போட்டு, கையாலேயே கேலி பேசி, கையாலேயே சமாதானமாகிற பையன்களைப் பார்த்து வளர்ந்தவர்தான் அந்த சாரும். அந்தப் பையன்களுக்கு இல்லாத கூச்சம் அவருக்கு எழுபத்திரண்டு வயதில் எங்கிருந்து வந்தது?

வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனை முடிந்ததும் அக்காமார்கள் உட்கார்ந்து பேசுவீர்களே, அதை நான் பேரேட்டுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மருமகள், பேரன் படிப்பு, தேங்காய் விலை என்று எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஓர் இடத்தில் வந்து நிற்கும். "கைகால் சொகமா இருக்கும்போதே போய்ச் சேர்ந்துரணும். கிடையில விழுந்து, பிள்ளைகளுக்குப் பாரமா இருந்து, அடுத்தவ வந்து அள்ளிப் போடுத மாதிரி ஒரு பொழைப்பு வேண்டவே வேண்டாம் முருகா."

எதிரில் நான் இருப்பேன். கைகால் சுகம் என்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு வயதில் போலியோ வந்தது. எட்டு வயது வரை அம்மா இடுப்பு, அப்புறம் காலில் மாட்டுகிற காலிப்பர் சட்டமும் கட்டையும். கொல்லைப்புறம் போக ஒருத்தர் கை வேண்டும், பஸ் ஏற ஒருத்தர் கை வேண்டும். நீங்கள் வேண்டவே வேண்டாம் என்று கும்பிடுகிற பிழைப்பை நான் 53 வருஷமாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் பி.காம். முடித்தேன், ஒரு கூட்டுறவு சங்கத்தில் 27 வருஷம் வேலை பார்த்தேன், தங்கச்சி கல்யாணத்தை முன்னின்று நடத்தினேன், சித்தப்பா மகனோடு வரப்புத் தகராறில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. அல்வா என்றால் உயிர். பெரிதாக ஒன்றுமில்லை, உங்கள் வாழ்க்கை மாதிரிதான்.

அப்படிச் சொல்கிற அக்காவுக்கு என்மேல் கொள்ளைப் பிரியம். கொழுக்கட்டை அவித்தால் எனக்கென்று தனியாகத் தூக்கில் எடுத்து வருவார். ஒரு நாள் சொல்லிவிட்டு, நான் இருப்பது நினைவு வந்து, கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னைச் சொல்லலட்டி." அது எனக்கும் தெரியும். என்னைச் சொல்லவில்லை, என்னை மாதிரி ஆகிவிடுவதைச் சொன்னார்.

முன்பெல்லாம் இதை இளக்காரம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். சின்ன வயதில் தெருவில் "நொண்டி" என்று கத்திவிட்டு ஓடிய பையன்களும் நீங்களும் ஒன்றுதான் என்றுகூட ஆத்திரத்தில் நினைத்ததுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்தப் பையன்களுக்குப் பயம் கிடையாது. தங்கள் கால் என்றைக்கும் ஓடும் என்று நம்பிக்கொண்டு ஓடினார்கள். உங்களுக்குப் பயம் இருக்கிறது. என் காலிப்பரைப் பார்க்கும்போது உங்கள் கண்ணில் படுவது ஐந்து வருஷம் கழித்து உங்கள் கால். அதனால்தான் என்னைக் கொஞ்சம் தள்ளி வைக்கவேண்டியிருக்கிறது. தள்ளி வைத்தால் இது ஏதோ என் தலையெழுத்து, என் அம்மா செய்த பாவம், "உங்க ஆளுக" விஷயம் என்று இருந்துவிடலாம். பக்கத்தில் உட்கார வைத்தால், வயதானால் யாருக்கும் நடக்கிற காரியம் என்று ஒத்துக்கொள்ளவேண்டும். காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள் நம் பனங்காட்டில். நான் குருத்திலேயே ஒடிந்தவள். என்னைப் பார்த்துக் காவோலைகள் சிரிப்பதுதான், சரி, உச்சுக்கொட்டுவதுதான், எனக்கு வேடிக்கை.

நான் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் எனக்குத் தோள் பிடித்துக்கொண்டது, நல்ல காலிலும் பலம் குறைய ஆரம்பித்தது. சின்ன வயதில் போலியோ வந்தவர்களுக்கு முப்பது, நாற்பது வருஷம் கழித்து இப்படி ஆவதுண்டாம். செத்துப்போன நரம்புகளின் வேலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்த நரம்புகள் அலுத்துப்போய்விடுகின்றன. வெளியே போக ஒரு சக்கர நாற்காலி வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க அழுதேன். "சேர்ல போறவங்க வேற, நான் வேற. நான் நடக்கிறவ." ஐம்பது வருஷமாக ஊரை நியாயம் கேட்டுக்கொண்டிருந்தவள், மனசுக்குள் தனியாக ஒரு வரிசை வைத்திருந்திருக்கிறேன்: கட்டை ஊன்றி நடக்கிறவள் மேலே, வண்டியில் உட்கார்ந்தவள் கீழே. எட்டு மாதம் அந்த நாற்காலி கட்டிலடியில் மடித்தபடி கிடந்தது, அதன்மேல் துவைத்த துணியைப் போட்டுவைத்தேன்.

அப்புறம் ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போகவேண்டியிருந்தது, கட்டை ஊன்ற முடியவில்லை. துணியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். தங்கச்சி மகன் தள்ளினான். காய்கறி வாங்கி, வளையல் கடையில் நின்று பேரம் பேசி, சர்பத் குடித்துவிட்டு வந்தோம். அன்றைக்கு ராத்திரி தோள் வலிக்காமல் தூங்கினேன். எட்டு மாதத்தை இப்படி வீணாக்கினோமே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. ஆகவே குடை அண்ணாச்சியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் படுகிற பாடு எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நாற்காலி வந்த பிறகுதான் உங்கள் மூன்று படி எனக்கு எட்டாமல் போனது. இப்போது பேரேட்டை வாசலுக்குக் கொண்டுவந்து தருகிறீர்கள், வேப்பமர நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் சொந்தக் காரியத்துக்குத்தானே கேட்கிறாய் என்றால், ஆமாம், என் சொந்தக் காரியம்தான்.

ஆனால் வருகைப் பதிவேடும் என்னிடம்தான் இருக்கிறது. மரத்தடியில் வேலை குறைந்த ஒரு நாள் பழைய பக்கங்களைப் புரட்டினேன். முன்பு தவறாமல் வந்து, இப்போது வராதவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதினேன். சிலர் காலமாகிவிட்டார்கள். சிலர் சென்னைக்கோ பெங்களூருக்கோ பிள்ளைகளோடு போய்விட்டார்கள். மிச்சப் பேர் இதே தெருக்களில்தான் இருக்கிறார்கள். அதில் ஒரு அக்கா, வெள்ளிக்கிழமை பாட்டுக்கு முதல் குரல் அவருடையதுதான், உங்களுக்குத் தெரியும். பேரப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, அதனால் வரவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தேன். பேரப்பிள்ளை காலேஜ் போகிறான். அக்கா ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. "எல்லாரும் பார்த்துக்கிட்டு நிக்க, ரெண்டு பேரு கைத்தாங்கலாப் பிடிச்சி என்னைய ஏத்தணுமாட்டி? அதுக்கு நான் இங்கனயே இருந்துருவேன்." கைப்பிடிக் கம்பி இருந்தால் வருவீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதைப் பிடிச்சாலும் பார்ப்பாவல்லா" என்றார். அப்புறம், நான் கிளம்பும்போது, "எம்புட்டு உசரத்துக்கு வைப்பாவ?" என்று கேட்டார்.

பாரம், பாரம் என்கிறோமே, அந்தச் சொல்லை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நமக்கு வடக்கே விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்று ஒரு வழக்கம் இருந்தது பற்றி 2010-ல் பத்திரிகைகள் எழுதின. படுக்கையில் கிடக்கிற வயதானவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரை நிறையக் கொடுத்து, காய்ச்சல் கண்டு போய்ச் சேர வைப்பது. செய்தவர்கள் எல்லோரும் அரக்கர்கள் என்று நான் நம்பவில்லை. எழுந்து நடமாட முடியாத உயிர் அதற்கும் துன்பம், அடுத்தவருக்கும் துன்பம் என்று அறுபது வருஷம் கேட்டு வளர்ந்தவர்கள். கிடந்தவர்களும் அதையே சொல்லி வளர்ந்தவர்கள்தான். வெள்ளிக்கிழமை நாம் பேசுகிற பேச்சும் அந்தத் திசையில்தான் போகிறது என்பதால் சொல்கிறேன்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்ஜினியரிங் மாணவராக இருந்தபோது 1975-ல் கடற்படைக்கு ஆளெடுக்கும் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவு போனது. 1981-ல் தன் ஊரில் சங்கத்தை ஆரம்பித்தார், 2020-ல் பத்மஸ்ரீ. உடனே "பாத்தியளா, என்ன தன்னம்பிக்கை" என்று ஆரம்பிக்காதீர்கள், அதற்காகச் சொல்லவில்லை. கண்விழித்ததிலிருந்து படுக்கிறவரை அவருக்கு இன்னொருவர் கை வேண்டும். நீங்கள் கும்பிட்டு வேண்டாமென்கிறீர்களே, அப்படியே அந்த நிலைமை. அதை வைத்துக்கொண்டுதான் அத்தனையும் நடந்தது. இன்னொருவர் கை வேண்டியிருப்பதும் பாரமாக இருப்பதும் ஒன்றில்லை என்று எனக்குப் புரிய அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ஒரு காரணம். பத்மஸ்ரீ வாங்காத என் பெரியம்மாவுக்கும், நாலு வருஷம் படுக்கையில் இருந்தபடியே வீட்டை அதட்டி நடத்தியவருக்கு, இது பொருந்தும்.

இந்தியாவில் கடைசி போலியோ 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தைக்கு வந்தது. 2014-ல் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. எங்கள் வரிசை எங்களோடு முடிகிறது, ரொம்ப நல்லது. உங்கள் வரிசைதான் நீள்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது தாண்டியவர்கள். 2031-ல் அது பதினெட்டாகும் என்பது அரசுக் குழுவின் மதிப்பீடு. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடி நாம். அதே 2011 கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க மொத்த மக்களில் மாற்றுத்திறனாளி என்று பதிவானவர்கள் நூற்றுக்கு இரண்டு சொச்சம், அறுபது தாண்டியவர்களில் ஐந்து. இந்த ஐந்தை நான் நம்பமாட்டேன். கணக்கெடுக்க வந்த டீச்சரிடம் குடை அண்ணாச்சி என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

சட்டமும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை உண்டு. காது மந்தம், குறைபார்வை, பார்க்கின்சன் எல்லாம் அதில் வருகின்றன. பொதுமக்கள் வந்துபோகிற கட்டடம் எல்லோரும் ஏறி இறங்குகிற மாதிரி இருக்கவேண்டும் என்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இதையெல்லாம் பரிந்துரை என்று விட்டுவைக்காதே, கட்டாய விதியாகவே போடு என்று மத்திய அரசுக்குச் சொன்னது. திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் போய் மனு எழுதிக் கொடுக்க எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் அதிகாரி வந்து நோட்டீஸ் ஒட்டி வைக்கிற கம்பியை அந்த அக்கா பிடிக்கமாட்டார். நீங்களாக வைத்து, முதலில் நீங்கள் பிடித்து ஏறினால்தான் அவரும் பிடிப்பார்.

ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும் என்ற அண்ணாச்சிக்கு: ஆஸ்பத்திரிப் படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் நீங்கள் ஏறி நான் பார்த்ததில்லை. அங்கே நோயாளி என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அதனால் பிடிக்கலாம் என்று இருக்கிறதா?

வேலை சின்ன வேலைதான். படிக்கு ஆறு அங்குலம், மூன்று படிக்கு ஒன்றரை அடி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு, ஆக 18 அடி. வாசலுக்கு இடப்பக்கம் சுவரோரமாக 22 அடி இருக்கிறது, தங்கச்சி மகனை விட்டு அளந்துவிட்டேன். இப்போது அங்கே உடைந்த நாற்காலிகளும் பந்தல் கம்புகளும் கிடக்கின்றன. பணத்துக்குக் குற்றாலம் டூரை நிறுத்தவேண்டாம், அருவியில் குளித்து எனக்கும் நாளாயிற்று. வைப்புத்தொகையில் இரண்டு வருஷ வட்டி எடுக்காமல் கிடக்கிறது. உங்கள் யாருக்கும் நினைவில்லை, பேரேட்டில் 41-ஆம் பக்கத்தில் இருக்கிறது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கொத்தனார் பார்க்க வருகிறார். நானும் வருவேன். கேட் சாவி செயலாளர் அண்ணாச்சியிடம் இருக்கிறது, மறக்காமல் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குப்பிள்ளை

பின்குறிப்பு: குடை அண்ணாச்சி, முட்டி வலது பக்கம் என்றால் குடையை இடது கையில் பிடிக்கவேண்டும். வலது காலை எடுத்து வைக்கும்போது கூடவே இடது கையும் முன்னே போகட்டும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு உயரத்துக்கு இருக்கவேண்டும். உங்கள் குடை இரண்டு அங்குலம் குட்டை, அதனால்தான் இடுப்பு வலிக்கிறது என்கிறீர்கள். ஒரு கம்பு வாங்கிக்கொள்ளுங்கள், உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரிக் கிடைக்கிறது. வாங்கும்போதே புஷ்ஷும் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள், சீக்கிரம் தேய்ந்துவிடும்.